அம்மா நாலு நாள் ஓட்டிப் பார்த்த கார்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நானும் உங்கம்மாவும் இங்கே சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் மழை வரப்போவதை ரேடியோவுக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே உன் உடம்பு எப்படி, வேலை எப்படி, மேலதிகாரி இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறாரா. போன தடவை பேசும்போது நடுநடுவே இருமினாய், நான் மருந்துக்கடைக்காரன், இருமலின் ரகம் போனிலேயே தெரிந்துவிடும், அது வறட்டு இருமல், வெந்நீர் குடி, கண்ட சிரப்பையும் வாங்கி ஊற்றிக்கொள்ளாதே. கடை வழக்கம்போல நடக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோமே, இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் உங்கம்மாவின் காது அடுத்த அறையிலிருந்தே நீண்டு வந்துவிடும், அதோடு நீயும் என்னை ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச விடுவதில்லை, சுருக்கமா சொல்லுங்கப்பா என்பாய். இது சுருக்கமாகச் சொல்கிற விஷயம் இல்லை. போன வாரம் நீ என்னிடம் என்ன சொன்னாய், அம்மா அந்தக் காரைப் பாத்துட்டு வந்ததுலேருந்து அதே நினைப்பா இருக்காங்க, அறுபது வயசுல அவங்களுக்கு எதுக்கு ரேஸ் கார் மாதிரி ஒண்ணு, உயரமா சாதுவா ஒரு வண்டியைப் பாத்து வாங்கிக்கச் சொல்லுங்க, எப்படியாவது தடுத்து நிறுத்துங்கப்பா என்றாய். நானும் சரி என்றேன். எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது, அதனால் உன் ஒற்றனாகத்தான் நான் அந்த வண்டியில் ஏறினேன், குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஏறினேன். நிறையக் கண்டுபிடிக்கவும் செய்தேன். ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் ஒரு விஷயம். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உங்கம்மா எப்படி இருந்தாள் என்று உனக்கு முழுசாகத் தெரியாது, உன்னிடம் பேசும்போது மட்டும் குரலை இஸ்திரி போட்டு வைத்துக்கொள்வாள். காலையில் பழைய நேரத்துக்கே எழுந்து, குளித்து, ஷூவை மாட்டிக்கொண்டு வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். எங்கே கிளம்பிட்டே என்றால் எங்கேயும் இல்லை என்பாள். சாப்பிடும்போது தெருவில் சைரன் கேட்டால் கை அந்தரத்தில் நின்றுவிடும், சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் நிற்கும், அப்புறம் மார்க்கெட் வழியா போறான், இந்த நேரத்துல அங்க நுழையலாமா என்று தட்டைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள். கூட வேலை செய்தவர்கள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. நம்முடைய பழைய சின்னக் காரை விற்றதும் இன்னொன்று வாங்கிக்கொள்ளேன் என்றேன், எங்க போறதுக்கு என்றாள். இருபத்தாறு வருஷம் ஊரில் பாதிப் பேரைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் எங்கே போவதற்கு என்று கேட்கிறாள். சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தேன். சமர்த்தாக விழுங்கிவிட்டு அதே ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

அப்படி இருந்தவள்தான் காய்கறி வாங்கப் போகிற வழியில் இருக்கிற கார் ஷோரூமின் கண்ணாடிக்கு முன்னால் தினமும் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு, கையில் வெங்காயப் பையோடு உள்ளே நுழைந்துவிட்டாள். கழுத்தில் டை கட்டிய ஒரு நடுவயசுக்காரர் ஓடி வந்தார், பெயர் சொன்னார், எனக்கு மறந்துவிட்டது, நாங்கள் டைக்காரர் என்றே வைத்துக்கொண்டோம். அவர் எங்களை நேராக மூலைக்குக் கூட்டிப் போய்க் குட்டியாக ஒரு வண்டியைக் காட்டி, இதுதான் அம்மாக்களுக்கு ஏத்தது, கியரே மாத்த வேண்டாம் என்றார். உங்கம்மா அதைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு, அது என்ன என்று நடுவில் நின்ற கருநீல வண்டியைக் கையால் காட்டினாள். அவர் உடனே என் பக்கம் திரும்பி, சாருக்கா சார் என்றார். எனக்கு சைக்கிளே பாதிதான் வரும் என்றேன். அப்புறம்தான் அவர் உங்கம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அது ஸ்போர்ட்டி லக்சரி எக்ஸிக்யூட்டிவ் செடான் மேடம் என்றார், அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, அதில் செடான் மட்டும்தான் புரிந்தது, டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும், அதுதானே. வாங்குகிற எண்ணம் உள்ளவர்களுக்கு நாலு நாள் ஓட்டிப் பார்க்க வண்டியைக் கொடுப்பார்களாம். உங்கம்மா, இது வேகமா போகும்னு எல்லாருக்கும் தெரியும், தினமும் கடைக்குப் போய்ட்டு வர்றதுக்கு எப்படின்னு பாக்கணும் என்றாள். டைக்காரர் தலையை ஆட்டினார், அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

முதல் நாள் வண்டி வாசலுக்கு வந்ததும் என் முதல் குறை கிடைத்துவிட்டது. அதில் ஏறக் கூடாது, இறங்க வேண்டும். கிணற்றில் இறங்குகிற மாதிரி. பின்பக்கத்தை முதலில் உள்ளே போட்டு, காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, முழங்கால் ஐயோ என்று சொல்ல, ஒரு வழியாக உட்கார்ந்தால் சீட்டு ரெண்டு பக்கமும் விலாவைப் பிடித்துக்கொள்கிறது, தையல்காரர் அளவெடுக்கிற மாதிரி. வெளியே வருவது அதைவிடக் கஷ்டம், கடை வாசலில் நான் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றதை வாடிக்கையாளர்கள் எல்லோரும் பார்த்தார்கள். உங்கம்மா வந்து, ரெண்டு காலையும் சேத்து வெளிய வைங்க, இப்ப என் தோளைப் பிடிச்சு எந்திரிங்க என்று நோயாளியைத் தூக்குகிற மாதிரியே தூக்கிவிட்டாள். சரி, இது ஒன்று போதும், சிட்டுவுக்குச் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது குறை நம் தெரு. சக்கரம் பெரிசு, அதைச் சுற்றி டயர் என்று பேருக்கு ஒரு ரப்பர் பட்டை. ரோட்டில் காசு கிடந்தால் அது தலையா பூவா என்று சீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய இடம் வந்தால் என் பல் டைப் அடித்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையை நேராக ஏறினால் அடிவயிறு தட்டுகிறது, அதனால் உங்கம்மா வண்டியைக் கோணலாக்கி ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக இறக்கினாள், பின்னால் வந்த பைக்காரன் எங்களைச் சுற்றிக்கொண்டு போகும்போது, இவ்வளவு பெரிய காரை வச்சுக்கிட்டு என்று ஏதோ சொன்னான், மீதி காற்றில் போய்விட்டது. நம் கட்டடத்தின் அடித்தளப் பார்க்கிங்கில் இறங்கும் சரிவில் மூக்கு உரசாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் பிடித்தேன். உள்ளே போனால் தூணைப் பார்த்துக் கத்துகிறது, சுவரைப் பார்த்துக் கத்துகிறது, கீழே படுத்திருந்த பூனையைப் பார்த்துக்கூடக் கத்தியது. உங்கம்மா எதையோ தேடி அதன் வாயை அடைத்துவிட்டுக் கண்ணாடியை மட்டும் பார்த்து ஒரே தடவையில் நிறுத்தினாள்.

அவளும் குறை சொல்லாமல் இல்லை, என்னைவிட அதிகமாகச் சொன்னாள். ஏசியைக் கூட்டக் குறைக்க ஒரு பட்டன் கிடையாது, எல்லாம் டிவி மாதிரி இருக்கிற திரையைத் தொட்டுத்தான் செய்ய வேண்டும், தொட வேண்டுமானால் பார்க்க வேண்டும், அதைப் பாத்தா ரோட்டை யாரு பாப்பா, உங்க தாத்தாவா என்று திரையிடமே கேட்டாள். பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்குகிற தூண் தடிமனாக இருப்பதால் அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றால் மறைகிறது என்றாள். நெரிசலில் ஊர்ந்து போகும்போது கால் லேசாகப் பட்டாலே குதிக்கிறது, அதைப் பழக்க அரை நாள் ஆனது. பெட்ரோல் குடிப்பதைப் பற்றிக் கேட்காதே. டிக்கி ஆழமாக இருக்கிறது, வாய்தான் சின்னது, என் குளுக்கோஸ் பெட்டி நிமிர்ந்து நுழையவில்லை, பக்கவாட்டில் படுக்க வைத்துத் தள்ளினோம், உள்ளே போய்விட்டது, வெளியே எடுக்கத்தான் ரெண்டு பேர் வேண்டியிருந்தது. இத்தனையும் சொல்லிவிட்டுப் பிரேக்கைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் மாறியது. சொன்ன இடத்துல நிக்குது என்றாள். ஒரு முறை வளைவில் திரும்பும்போது, நினைச்சாப் போதும், திரும்பிடுது என்றாள், என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள்.

இங்கே ஒற்றனுக்கு ஒரு சிக்கல் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் உங்கம்மா வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் நான் குற்றுயிராகக் கிடந்திருக்க வேண்டும், அந்த வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. நம் பழைய காரிலோ ஏறி உட்கார்ந்ததும் எனக்குத் தூக்கம் வந்துவிடும். வீட்டில் அவள் பாத்திரத்தை டங்கென்று வைப்பாள், கதவை இழுத்துச் சாத்துவாள், நிதானம் என்பதே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அது வேறு ஆள். தோள் இறங்கிவிடுகிறது. நாலு வண்டிக்கு முன்னால் போகிறவன் என்ன செய்யப்போகிறான் என்று அவனுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இவளுக்குத் தெரிகிறது. சிக்னலில் ஒரு பையன் பைக்கை உறுமவிட்டு, வர்றியா என்பதுபோல இந்த வண்டியைப் பார்த்தான். உங்கம்மா அவனுக்குக் கையைக் காட்டி வழி விட்டாள், போப்பா, ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுப் போ என்றாள். இந்த வண்டியில் ஸ்போர்ட் என்று ஒரு வகை ஓட்டம் இருக்கிறது, அதைப் போட்டால் இன்ஜின் கர்ஜிக்கிறது, விசாரித்தால் பாதிச் சத்தம் ஸ்பீக்கரில் வருகிறதாம். உங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், சைரன் வெளியில இருக்கறவனுக்கு, இது உள்ள இருக்கறவனுக்கு என்றாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகிவிட்டது. நான் குறை எழுதி வைத்த மனசில் அந்த இடத்தில் ஒரு வரி காலியாக விட்டேன்.

மூன்றாவது நாள் ஹைவே. பக்கத்து ஊர் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது, அதற்கே போனோம். போகும்போது ரோடு காலியாக, நேராக இருந்த இடத்தில், ஒரே ஒரு தடவை மிதிச்சுப் பாக்கட்டுமா என்று கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றேன். முதுகு சீட்டில் போய் ஒட்டியது, வயிறு மட்டும் பின்னாலேயே நின்றுவிட்டது. கண்ணைத் திறப்பதற்குள் காலை எடுத்துவிட்டாள். போதும், இருக்குன்னு தெரிஞ்சாப் போதும் என்றாள், அதற்குப் பிறகு போர்டில் போட்ட வேகத்துக்கு மேல் முள் அசையவில்லை. உனக்கு இருந்த பயம் அதுதானே சிட்டு, அதைப் பற்றிக் கவலையே படாதே, அவளைவிட நான் வேகமாகப் பேசுகிறேன்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மேம்பாலத்தில் ஒரு லாரி நின்றுபோய், மூன்று வரிசையும் நகராமல் கிடந்தது, நாங்கள் நடு வரிசையில். ஜன்னல் எல்லாம் மூடி, உள்ளே குளிர்ச்சியாக, வைப்பர் அசைகிற சத்தம்கூட இல்லை. லக்சரி என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது, ஊரே வெளியே நின்றுவிடுகிறது, இதுக்குத்தான் காசு வாங்கறான் போல, கோயில் மாதிரி அமைதியா இருக்கு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கம்மா கண்ணாடியைப் பார்த்தாள். அவள் முகம் சட்டென்று வெளுத்துவிட்டது. எங்களுக்கு மூன்று வண்டி பின்னால், மழைக்குள் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ். அப்போதுதான் எனக்கும் சைரன் கேட்டது, அதுவும் பக்கத்து வீட்டு டிவியில் எங்கேயோ ஓடுகிற மாதிரி. எவ்வளவு நேரமா நிக்கறான், எனக்குக் கேக்கலையே என்றாள். ரெண்டு தடவை சொன்னாள், எனக்கே கேக்கலையே.

அப்புறம் நடந்ததை எழுதுவதற்கு எடுக்கிற நேரம்கூட அது நடப்பதற்கு எடுக்கவில்லை. ஜன்னலை இறக்கினாள், சத்தம் வாளித் தண்ணீரைக் கொட்டின மாதிரி உள்ளே விழுந்தது. ஓர வரிசையில் ஒரு பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கார் அளவுக்கு இடம், பஸ் ஊர்ந்து வந்து அதையும் மூடிக்கொண்டிருந்தது. வண்டி ஒரு தாவுத் தாவி அதற்குள் போய், மூக்கு தடுப்புச் சுவர்ப் பக்கம், வால் உள்ளே மடங்கி, கோணலாக நின்றது, பஸ் டிரைவர் திட்ட வாயைத் திறந்தவர் திறந்தபடியே இருந்தார். உங்கம்மா கையைத் தோள்வரை மழையில் நீட்டி, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று விரலால் சொன்னாள். எங்களுக்குப் பின்னால் இருந்தவன் முதலில் புரிந்துகொண்டான், அவனைப் பார்த்து அடுத்தவன், முன்னால் இருந்தவர்களும் கண்ணாடியில் பார்த்து ஒதுங்கினார்கள். தலைக்கு வகிடு எடுத்த மாதிரி நடுவில் ஒரு கோடு திறந்தது. ஆம்புலன்ஸ் அந்தக் கோட்டில் போய்விட்டது. ஓட்டினவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் உன்னைப் பாக்கவே இல்லையே என்றேன். பாக்கக் கூடாது, பாத்தா அது தப்பு என்றாள்.

பாலம் இறங்கியதும் ஒரு பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, முகம் முழுக்க மழை. முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள், பல வருஷத்துக்கு முன்னாடி ஆத்துப் பாலத்துல ஒரு கறுப்புக் கார் எனக்கு முன்னாடி நகரவே இல்ல, இந்த மாதிரிதான் பெரிய கார், நான் ஹாரன் அடிக்கிறேன், விளக்கை அடிக்கிறேன், அவன் பாட்டுக்குப் போறான், பாலம் முழுக்க அப்படித்தான் போனான். உள்ள ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நெஞ்சு வலி, அவர் சம்சாரம் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு என் முதுகைப் பாத்துக்கிட்டே வந்தாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல கதவைத் திறக்கும்போது அவருக்கு உயிர் இல்ல. அந்தக் கார் நம்பர் இன்னைக்கும் எனக்குத் தெரியும், எத்தனை நாள் அந்த ஆளைத் திட்டியிருக்கேன் தெரியுமா, திமிரு பிடிச்சவன், பணக்காரச் செவிடன்னு. இதுவரைக்கும் உங்ககிட்டகூடச் சொன்னதில்ல. சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே, அவனுக்குக் கேக்காமலே இருந்திருக்கலாம் இல்ல என்றாள்.

பின்னால் டிக்கி நிறைய மருந்து, இதற்கு மட்டும் அதில் ஒன்றும் இல்லை. அவளுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன், குடித்தாள், சர்க்கரை அதிகம் என்றாள், அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வரும் வழி முழுவதும் நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டே ஓட்டினாள். மழை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது, அந்த விலையுயர்ந்த தோல் சீட்டு நனைந்தது, என் சட்டையும் நனைந்தது. அவள் பேசிக்கொண்டே வந்தாள். எந்தெந்தத் தெருவில் யார் யாரை ஏற்றினாள், எந்த வீட்டில் மாடிப்படி குறுகல், எந்தக் குழந்தை பாதி வழியிலேயே பிறந்து அதற்கு இவள் பெயரையே வைத்தார்கள், எல்லாம். நமக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதைவிட அந்த ஒரு பயணத்தில் சொன்னது அதிகம்.

நாலாவது நாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். டைக்காரர் கதவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார், நனைந்த தோல் வாசனை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். உங்கம்மா முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டாள், அப்புறம் ஆரம்பித்தாள். உயரம் போதாது, சக்கரம் தேவைக்கு மேல பெரிசு, திரை வேண்டாத வேலை, பின் தூண் மறைக்குது, பெட்ரோல் குடிக்குது, எல்லாத்தையும்விட உள்ள ரொம்ப அமைதியா இருக்கு, அது நல்லதில்ல என்றாள். அமைதியைக் குறையாகச் சொன்ன முதல் ஆளை அவர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்திருப்பார். பாவம், முகம் தொங்கிவிட்டது, அப்ப வேண்டாமா மேடம் என்றார். வேண்டாம்னா நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருப்பேனே, எடுத்துக்கப் போறதாலதான் இவ்வளவு சொல்றேன் என்றாள். இதே வண்டியில் சின்னச் சக்கரம், தடி டயர் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். முடியும், ஆனா பாக்கறதுக்கு எடுப்பா இருக்காது என்றார். பாக்கறவங்க யாரும் ஓட்டப் போறதில்லையே என்றாள். அப்படியே ஒன்றை வரவழைத்து ஷோரூமுக்குப் பின்னால் நம் தெரு மாதிரியே குண்டும் குழியுமான சந்தில் ஓட்டிக் காட்டச் சொல்லி, நானும் உட்கார்ந்து பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் என் பல் அதனதன் இடத்தில் இருந்தது. நான் ஏறி இறங்க மட்டும் இன்னும் கஷ்டம்தான், அதற்கு உங்கம்மா தோள் இருக்கிறது, அது எந்த வண்டியிலும் தனியாக வைத்துத் தருவதில்லை.

அங்கிருந்து வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன், ஆட்டோவை ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு விடச் சொன்னாள். ஓய்வு பெற்றதிலிருந்து அந்தப் பக்கமே போகாதவள். அவளைப் பார்த்ததும் எல்லோரும், அக்கா அக்கா என்று எழுந்துவிட்டார்கள். இவள் நலம் விசாரிப்பதற்குக்கூட நிற்காமல், முன்னாடி புதுசா பெரிய கார் போச்சுன்னா அவனுக்கு நீங்க இருக்கறதே தெரியாதுடா, ஒட்டிக்கிட்டு நின்னு கத்தினா பிரயோஜனம் இல்ல, தள்ளி நின்னு அவன் பக்கக் கண்ணாடியில தெரியுங்க, சத்தத்தை மாத்தி மாத்திப் போடுங்க, விளக்கை மேல அடிங்க என்று ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தர், அவனுங்க வேணும்னே பண்றானுங்கக்கா என்றார். இவள், நானும் அப்படித்தான் நினைச்சேன், உள்ள உக்காந்து பாத்தேன், எனக்கே கேக்கல என்றாள். உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நான் மூலையில் ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன். வாரத்தில் ஒரு நாள் வந்துபோகச் சொல்லியிருக்கிறார்கள், பார்க்கலாம் என்று பிகு பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள், கட்டாயம் போவாள்.

ஆக இதுதான் என் அறிக்கை. தினசரி ஓட்டத்துக்கு அந்த வண்டி எப்படி என்று யாராவது கேட்டால், அறுபதைத் தாண்டிய முழங்காலுக்கு ஆகாது, நம் தெருவுக்கு ஆகாது, என் குளுக்கோஸ் பெட்டிக்கு ஆகாது, ஓட்டுகிறவள் உங்கம்மா என்றால் வேறு எந்த வண்டியும் ஆகாது. பணத்தைப் பற்றி நினைக்காதே, அது அவள் சம்பாதித்தது, அதில் வாய் வைக்க நமக்கு உரிமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே உனக்குப் போன் பண்ணுவாள், வண்டியை எடுக்கட்டுமா என்று சின்னப் பிள்ளை மாதிரி சுற்றி வளைத்துக் கேட்பாள், வயசைப் பற்றி மட்டும் எடுக்காதே. என்ன கலர் என்று கேள், அது போதும்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேனோ என்னவோ. பின்சீட்டைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை, கவனித்தாயா. நாங்கள் ரெண்டு பேரும் முன்னால்தான், பின்னால் யாரும் உட்காரவே இல்லை. நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது உங்கம்மா சொன்னாள், என் வண்டியில பின்னாடி இத்தனை வருஷம் படுத்துக்கிட்டு வந்தவங்கதான், உக்காந்துக்கிட்டு ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துக்கிட்டு வளவளன்னு பேசிக்கிட்டு ஒரு ஆள் வந்தா எப்படி இருக்கும், சிட்டு வந்தா அவளைப் பின்னாடி உக்கார வச்சு ஊரைச் சுத்தணும், எங்கயும் போக வேண்டாம், சும்மா சுத்தணும் என்றாள். உனக்குச் சொல்ல வேண்டாம், வேலையில இருக்கறவளைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்றும் சொன்னாள். அதனால் நான் சொல்லவில்லை, எழுதியிருக்கிறேன்.

எங்கே இருந்தாலும் உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நினைத்த காரியம் கைகூடட்டும், ராத்திரி நிம்மதியான தூக்கம் வரட்டும், அதைவிடப் பெரிய ஆசி எனக்குத் தெரியாது. லீவு எப்போது கிடைக்கும் என்று மேலதிகாரியிடம் வாயைத் திறந்து கேள், கேட்காமல் எவனும் தரமாட்டான். நாள் முடிவானதும் முதலில் எனக்குத் தெரியப்படுத்து, விமான நிலையத்துக்குப் போகிற ரோட்டை அவள் ஒரு தடவை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

இப்படிக்கு,
முன்சீட்டில் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா